காயக் கூடாத வயிறு

"வாயத் தொறட்டி." சேசம்மாள் மருமகளின் தாடையைப் பிடித்து அழுத்தினாள். ஜெனிஃபரின் வாயில் பாதி மென்ற பாவ் ரொட்டி இருந்தது, மீதி கையில்.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லாததால், மருமகள் ஈஸ்டர்வரை ஒருசந்தி இருப்பாள், மதியம் ஒருவேளைதான் உண்பாள் என்று சேசம்மாள் நேர்ந்திருந்தாள். நேர்ந்தவள் மாமியார், பட்டினி மருமகளுக்கு. தாராவியின் அந்தச் சந்து முழுக்க இது தெரியும்.

"வயிறு எரியுது அத்தே. நெஞ்சுக்குக் கீழ தீ வச்ச மாதிரி. ஒரு வாய் தின்னா கொஞ்சம் அடங்குது."

"எல்லாருக்கும் தின்னாத்தான் அடங்கும். இதுக்குப் பேரு சீக்கா?"

"வெளிக்கிப் போனா தார் மாதிரி கறுப்பா போகுது. எந்திரிச்சா தல சுத்துது."

"மாமா இருக்கும்போது பேசுத பேச்சாட்டி இது? ஏலே ஜெனிஷ், ஒம் பொண்டாட்டி நாடக் பண்ணுதா பாரு."

ஜெனிஷ் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேர்ச்சன்னா இருந்துட்டுப் போயேன்."

கட்டிலில் பால் தம்ளரோடு உட்கார்ந்திருந்த மாமனார் அமிர்தநாதன் மட்டும் தம்ளரை வாயிலிருந்து இறக்கினார். சில வருடங்களுக்கு முன் அவருக்கும் இதே எரிச்சல், இதே கறுப்பு. அன்று சேசம்மாள் அலறிக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். இரைப்பையில் புண் என்றார் டாக்டர். பங்குச் சாமியாரிடம் போய் நோன்பு விலக்கு வாங்கி வந்தவளும் அவள்தான். "ஆம்பள வயிறு, காயக் கூடாது" என்று இன்றுவரை நேரம் தவறாமல் பாலும் ரொட்டியும் கொடுக்கிறாள்.

வீட்டுக்குப் பெரியவர் இப்போது மருமகளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டின் மானம் நின்றிருக்கும். அவர் தொண்டையைச் செருமினார்.

"கோயில் காரியம். நான் என்ன சொல்ல?"

ஜெனிஃபர் அவரருகே போனாள். அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி, மிச்சப் பாலைக் குடித்துவிட்டு, தரையில் வைத்தாள்.

"ஒங்களுக்கு வந்தா அல்சர் மாமா. எனக்கு வந்தா திருட்டுத்தீனி."

செருப்பை மாட்டினாள்.

"எங்கட்டி போற?"

"மாமாவப் பாத்த டாக்டர்ட்ட."

"வெளிய போய் எங்க மானத்த வாங்காத. போனா அப்படியே போயிரு."

ஜெனிஃபர் வாசலைத் தாண்டினாள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லாரும் பார்க்க, மீதி ரொட்டியைத் தின்றபடியே சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்துமுனையைக் கடந்தாள்.

சேசம்மாள் கதவைச் சாத்தினாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, புருஷனுக்கு வேறு பால் காய்ச்சினாள்.