உதறாத விரல்

என் தம்பி ரியான் வளர்த்ததெல்லாம் மோல்பாம்புகள். விஷம் கிடையாது. ஆனால் குட்டியில் அவற்றுக்கு இருக்கும் கோபம் எந்த மாமியாருக்கும் இருக்காது. டப்பாவைத் திறந்தாலே சீறிக் கடித்துக் கையைக் கிழித்துவிடும். எங்கள் மால்ம்ஸ்பரி பக்கம் பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒரே வேதம்தான்: கடித்தால் கையை இழுக்காதே. இழுத்துவிட்டால், 'கடித்தால் விட்டுவிடுவார்கள்' என்று குட்டி கற்றுக்கொள்ளும். பொறுத்துக்கொண்டால் வளர வளர அடங்கி மடியில் சுருண்டு படுக்கும். ரியானிடம் அப்படித்தான் படுத்தன.

அன்று பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து ஃபானி மாமா வேலியில் பிடித்த ஒரு குட்டியை வாளியில் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், சின்னத் தலையில் பெரிய பெரிய கண்கள்.

"ஏதோ புதர்ப்பாம்புக் குட்டி. ஒண்ணும் பண்ணாது மாமா," என்று ரியான் வாளிக்குள் கையை விட்டான். அது கழுத்தை உப்பவைத்து அவன் விரலைக் கவ்விக்கொண்டது. விடவில்லை, மென்றது.

"உதறுடா!" என்று கத்தினேன்.

"சும்மா இரு அக்கா. இப்ப விட்டா பெருசானாலும் கடிக்கும்."

"பாம்புக்குக் காட்டுற பொறுமையில பாதிய பொண்டாட்டிகிட்ட காட்டியிருந்தா அவ ஓடியிருப்பாளா?"

சிரித்தான். அது வாய் ஓய்ந்து தானாக விடும்வரை விரலை அசைக்கவே இல்லை.

மறுநாள் காலை அவன் பல் தேய்த்துத் துப்பியது சிவப்பாக இருந்தது. மதியத்துக்குள், மோல்பாம்புகள் கிழித்து எப்போதோ ஆறிப்போன காயங்களெல்லாம் வாய் திறந்து ஒழுகின. அவனையும், அந்தக் குட்டியைப் போட்டுவைத்திருந்த டப்பாவையும் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"விஷமில்லாத பாம்பு டாக்டர். எனக்குப் பாம்பு தெரியும்," என்றான் அங்கேயும்.

"தெரிஞ்ச லட்சணம்தான் சட்டையெல்லாம் வழியுதே!" என்று டப்பாவை நீட்டினேன்.

பார்த்ததும் டாக்டருக்கு முகம் மாறியது. "இது பூம்ஸ்லாங். ரத்தத்த உறையவிடாத விஷம். குட்டியில நிறம் வேற. விஷப்பல்லு வாய்க்குள்ள தள்ளி இருக்கும், மென்னாத்தான் நல்லா இறங்கும். உடனே உதறிட்டீங்கல்ல?"

ரியான் என்னைப் பார்த்தான்.

விஷமுறிவு மருந்து ஜொஹானஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் வரவேண்டும். அதற்குள் அவனுக்குத் தலை வலித்தது, பிறகு என்னை அடையாளம் தெரியவில்லை. என் ஒரே தம்பி. வாயைத் துடைத்துத் துடைத்து எனக்குத் துணி போதவில்லை.

மருந்துப் பெட்டி வந்தபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள். பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் டாக்டர் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வச்சுக்குங்க டாக்டர். பொறுமைசாலிங்க எங்க ஊர்ல இன்னும் நெறைய பேர் இருக்காங்க," என்றேன்.