மணி அடித்தால் ஒதுங்கும் கால்

கதவுக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தது அலுவலகம்தான். ஓட்டுநரே இல்லாமல் நகரத்தைச் சுற்றப்போகும் மின்வண்டி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து போகலாம். மோட்டார் ஒருவருக்கு, பேட்டரி ஒருவருக்கு என்று பங்கு போட்டதில் கதவு இவர் தலையில் விழுந்தது. எட்டு மாதமாகச் சோறு தண்ணீர் மறந்து கதவோடு குடும்பம் நடத்தினார்.

இன்று பதினோரு மணிக்கு நகரசபையிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். முதல் பயணியாக ஏறப்போவது இவருடைய ஆறு வயது மகள். பெருமை தாங்காமல் இவரே கேட்டு வாங்கிய இடம்.

பத்தரை மணிக்கு, திரையில் போட்டுக் காட்டச் சோதனைப் பதிவு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஏதோ உறுத்தியது. பதிவில் வரவேற்பறைப் பெண் வண்டியில் ஏறினாள். கதவு மூடப்போகும் மணி அடித்தது. அவள் கால் சட்டென்று உள்ளே ஒதுங்கியது. அடுத்த பதிவில் கணக்காளர். அவர் காலும் அப்படியே. நாற்பது பதிவுகளை ஓட்டிப் பார்த்தார். ஒரு கால்கூட வாசற்படி ஓரத்தில் நிற்கவில்லை. சோதனைக்கு ஏறியதெல்லாம் அலுவலக ஆட்கள்தானே! வண்டியைப் பழக்குவதாக நினைத்து, வண்டியிடம் இவர்கள் பழகிப்போயிருந்தார்கள்.

ஓடிப்போய் வண்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். கதவின் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை. அதில் எது பட்டாலும் கதவு பின்வாங்கும். அந்தப் பட்டை தரைக்கு நாலு விரல் மேலேயே முடிந்திருந்தது. சக்கர நாற்காலி ஏற வசதியாக நாலாம் மாதம் தரையைத் தாழ்த்தினார்கள், கதவையும் நீட்டினார்கள். பட்டையை நீட்டவேண்டியவர் இவர். நீட்டவில்லை. "கதவு சரி" என்று கையெழுத்துப் போட்டவரும் இவரேதான்.

தலைமைப் பொறியாளர் அம்மாள் பேனாவும் அனுமதித் தாளுமாக வந்தார்.

"மேடம், இன்னிக்கு வேண்டாம். கீழ கால் மாட்டினா கதவு நிக்காது."

"மாட்டுனாத்தானே? இத்தனை மாசத்துல ஒருத்தருக்காவது மாட்டிச்சா?"

"நாமதான் மணி அடிச்சதும் காலை எடுத்துடறோமே!"

"அப்ப எல்லாரும்தான் எடுப்பாங்க. வாசல்ல விருந்தாளிங்களை வெச்சுக்கிட்டு என் உயிரை வாங்காதீங்க. நாளைக்குப் பட்டையை மாத்திக்கலாம்."

"நீங்களே பாருங்க" என்று படியோரம் காலை வைத்தார். மணி அடித்தது. கால் தானாக உள்ளே போனது. மறுபடி வைத்தார், மறுபடியும் போனது. வெட்கமாக இருந்தது.

"தள்ளுங்க" என்று அம்மாள் தன் காலை வைத்தார். மணி அடித்தது. அவர் காலும் பின்வாங்கியது. "பாத்தீங்களா, ஆபத்துன்னா கால் நிக்காது" என்று பேனாவைத் திறந்தார்.

அதற்குள் இவருடைய மனைவி மகளோடு வந்து சேர்ந்துவிட்டாள். "ஏங்க, முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று அவள் கேட்க, இவர் வாயைத் திறப்பதற்குள் மகள் அம்மாவின் கையை உதறிவிட்டு வண்டியில் தாவினாள்.

சோதனை ஓட்டத்தில் இருந்த வண்டிக்கு விருந்தாளி யார், குழந்தை யார் என்று தெரியாது. ஆள் ஏறியதும் மணியடித்தது. புது ஓசை. மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. காலை எடுப்பதாவது! படியோரத்தில் பாதத்தை வைத்து மணிக்குத் தாளம் போட்டாள். கதவு நகர்ந்தது.

"குட்டி!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, பட்டை இருக்கும் உயரத்தில் முழங்கையைக் கொடுத்தார். கதவு இடித்துப் பின்வாங்கியது. கதவின் அடி விளிம்புக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்னப் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுதார்.

பொறியாளர் அம்மாள் வண்டியின் மின்சாரத்தைத் தன் கையாலேயே நிறுத்தினார். அனுமதித் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, விருந்தாளிகளிடம் சொல்ல வாசலுக்கு நடந்தார்.

"ஏம்பா நிறுத்திட்டாங்க?" என்றாள் மகள். "மணி நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுப்பா."