போளூர் ஸ்டேஷனுக்கு ஒரு இன்ஜின்

என் வீட்டுக்காரர் ராஜாக்கண்ணு செத்ததிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. ஒப்பாரி வைத்தவர்கள் நடுவில் நின்று, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். நாத்தனார் ஈஸ்வரி அதை ஜமுனாமரத்தூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். சொல்லட்டும். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாமைச் சோற்றைச் சாப்பிட்டேனா இல்லையா என்பதே எனக்கு நினைவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது.

காரியத்தன்று படையலில் அவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். பிராந்தியும் வஞ்சிரமும் என்றாள் ஈஸ்வரி. அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், ரயில். போளூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்று இந்த மலை ஊருக்கு வந்த மனிதர், கூடத்தை அடைத்துப் பலகை போட்டு, அந்தக் காலத்து மீட்டர்கேஜ் போளூர் ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டி வைத்திருந்தார். தண்டவாளம், சிக்னல், வாசலில் மஞ்சள் எஸ்.டி.டி. பூத், பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியோடு பொம்மையாக அவரே. ரயில்தான் இல்லை. எந்த இன்ஜின் என்று முடிவு செய்யாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

திருப்பத்தூரில் பொம்மை ரயில் செய்து கொடுக்கும் இளவழகனுக்கு போன் போட்டேன்.

"கரி இன்ஜின், டீசல், ரெண்டுக்கும் கூடு பண்ணிட்டேம்மா. மோட்டார் ஒண்ணுதான் கீது. பெட்டி செங்கல் கலருன்னு ஐயா சொல்லிட்டாரு, அந்த வருஷம் நீலப் பெட்டி வரலியாம். ஆனா இன்ஜின் ரெண்டுமே ஓடிச்சாம். அதான் வேல நிக்குது."

"எது வேணும்னு சொல்றதுக்கு அவருக்கு இன்னா?"

"நீங்க கோவிச்சிக்கினு திருவண்ணாமலைக்குப் போய்ட்டு, திரும்பி வந்தீங்களே, அந்த வண்டிதான் வேணும்னாருங்க. எந்த இன்ஜின்னு ஞாபகம் இல்லியாம். உங்கள கேக்கவும் பயம்."

கல்யாணமான புதிதில் சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போனது நிஜம். திரும்பியது பஸ்ஸில். இந்த மனிதர் என்னையா கட்டிக்கொண்டார், ரயிலையா என்று ரயில்வே மேலேயே எனக்கு ஆத்திரம். பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்குள் போனபோது திருவண்ணாமலையிலிருந்து வந்த பாசஞ்சர் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் கக்கிய கரித்தூள் கண்ணில் விழுந்து கண்ணீர் கொட்டியது. கொடியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தவர், நான் அந்த வண்டியில் அழுதபடியே வந்து இறங்கியதாக நினைத்துவிட்டார். கர்ச்சீப்பை நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும், "என் வண்டியிலதான் அழுதுக்கினே வந்தா" என்று பீற்றிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

"கரி இன்ஜினே மாட்டுப்பா. காரியத்துக்கு வந்துடணும்" என்றேன்.

"வந்துடும்மா. வேற இன்னா?"

பலகையைப் பார்த்தேன். கொடியைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்டவாளத்தையே பார்த்து நின்றிருந்தார். ஸ்டேஷன் வாசலில், பூத் பக்கத்தில், கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

"பஸ் ஒண்ணு பண்ணுவியா? சின்னதா."

"ரயில் ஸ்டேஷனுக்கு பஸ் எதுக்கும்மா?"

"அதுலதான்பா நான் வந்தேன்."

நான் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. கொஞ்சம் கரித்தூள் விழுந்தால் தேவலை என்றிருந்தது.