மதியம் தூங்கும் தண்ணீர்

மதியச் சாப்பாடு முடிந்ததும் யாஷ்துன் ஊர்ச் சேனோட்டே படுத்துத் தூங்கிவிடும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு கனடாக்காரர். ஒருநாள் சுற்றுலாவில் வந்தவர். காலையில் பழங்காலக் கட்டட இடிபாடுகளைப் பார்த்தார். பிறகு நெய்தி கான்சேயின் வீட்டில் பெரியவர்கள் படுக்கும் வலைத்தொட்டில் பின்னுவதைப் பார்த்து, அங்கேயே சோள ரொட்டியும் பன்றிக்கறியும் மிளகாயைத் தவிர்த்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசியாக நீந்த வந்தார். குகையின் கூரை இடிந்து விழுந்து வானம் தெரிகிற பெரிய கிணறுதான் எங்கள் சேனோட்டே. அவர் பலகையின் நுனியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். கீழே தண்ணீர் இல்லை. இடுப்பு வரை சேற்றில் இறங்கி நின்றபடி அவர் திரும்பிப் பார்த்தபோது, மொத்தத் தண்ணீரும் மேற்கு மூலையில் பாறைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மெதுவாக ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டும் இருந்தது. அவருக்கு அடி ஒன்றும் படவில்லை. கேமராவுக்குள் சேறு போனதைப் பற்றித்தான் புகார் எழுதினார்.

இதற்குக் காரணம் நெய்தியின் கை. வாயாதோலித் நகரத்துச் சுற்றுலாக் கம்பெனி ஒன்று இடிபாடு, கைவேலை, நீச்சல் மூன்றையும் ஒரே நாளில் காட்ட எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தது. வேன் ஓட்டவும் வழிகாட்டவும் நெய்தியின் கணவன் வில்பெர்த் துஸ் அமர்த்தப்பட்டான். வெளியார் நீந்துவதற்கு முன்னால் தண்ணீருக்குள் இருக்கும் ஆவியான அதன் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். சொந்தக்காரருக்கு உடம்பு கிடையாது. அதனால் அவருக்குப் படைக்கும் வெள்ளைச் சோளக் கஞ்சியில் சுண்ணாம்பு சேர்ப்பதில்லை. வெறும் தண்ணீரில் வேகவைத்து அரைத்துத் தேன் கலந்து கொடுப்போம். சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளம் மனிதர்களுக்கு. நடக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும், கஞ்சி காய்ச்ச வேண்டிய நெய்திக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் வெளியாருக்காகத் தொட்டில்களைப் பின்னித் தள்ளிக்கொண்டிருந்தவள், அவசரத்தில் அடுப்பிலிருந்த சுண்ணாம்பு போட்ட வீட்டுப் பானையிலிருந்தே சோளத்தை அள்ளி அரைத்துவிட்டாள். பூசாரி தோன் சிரிலோ மற்ற நாட்களில் சைக்கிள் பழுது பார்ப்பவர். அன்று அவருக்கு ஜலதோஷம், வாசனை தெரியவில்லை. ஊற்றினார். தண்ணீர் ஒரே மடக்கில் குடித்தது.

அதன் பிறகு அது சொந்தக்காரராக இல்லை, ஒரு வீட்டு ஆளாக ஆகிவிட்டது. ரொட்டி வேகும் வாசனை வந்தால் கரையை ஒட்டி ஏறி நின்றது. சாப்பிட்டதும் தூங்கியது. சாயங்காலம் யாராவது வந்து பேசும்வரை குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. பூமிக்கு அடியில் எல்லாம் ஒரே தண்ணீர் என்பதால் ஊரிலுள்ள கிணறுகளும் சேர்ந்து தூங்கின. மதியத்தில் வாளி இறக்கினால் வாளி காலியாகவே வந்தது. பக்கத்து வீட்டு மிர்னாதான் இதைப் பற்றி அதிகம் பேசினாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள், துவைக்கிற துணி தீர்வதே இல்லை.

தோன் சிரிலோ கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நெய்தி வீட்டுக்கு வந்தார்.

“அன்னிக்குச் சோளத்துல சுண்ணாம்பு போட்டியாம்மா?”

“எந்தச் சோளத்துல?”

“அது போதும். இதுக்கு மேல ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல.”

மனிதச் சாப்பாடு சாப்பிட்டதால் மனிதக் குணம் வந்துவிட்டது என்றார். முதலில் ஊட்டியவள் தாய் என்றார். அதே கை ஒழுங்கான கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் தண்ணீர் பழையபடி சொந்தக்காரராகிவிடும், மதியத்தில் தூங்காது, ஊட்டியவளையும் மறந்துவிடும் என்றார். கடைசியாகச் சொன்னதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சங்கிலி கழன்ற சைக்கிளைப் பற்றியும் அவர் அதே குரலில்தான் பேசுவார்.

நெய்திக்குப் பிள்ளை இல்லை. வாயாதோலித்திலும் மெரிதாவிலும் பார்க்காத டாக்டர் இல்லை. மிர்னா ஒருமுறை தண்ணீர் இறைக்கிற இடத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: “புள்ள இல்லாத வீட்டுலதான் இத்தன தொட்டில் தொங்குது.” நெய்தி வீட்டுக்கு வந்து இன்னொரு தொட்டிலைத் தொடங்கினாள். ஒவ்வொரு வருடமும் மே மாதம் பத்தாம் தேதி, பள்ளிக்கூடத்து மைதானத்தில் அன்னையர் தின விழா நடக்கும். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு தாயாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மட்டும் நெய்திக்கு இடிபாட்டு வாசலில் விற்பனை வேலை வந்துவிடும். இப்போது என்னவென்றால், அவள் செருப்புச் சத்தம் பாதையில் கேட்டாலே சேனோட்டே எழுந்து கரைக்கு வந்தது. வேறு யார் செருப்புக்கும் வரவில்லை. தினமும் மதியம் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் பிய்த்துப் போட்டாள், அது தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. சொல்லப்போனால் அவள் வாழ்க்கையில் வேறெதுவும் இந்த அளவுக்குப் பிடித்ததில்லை.

வில்பெர்த்தின் நிலைமை வேறு. மாதக் கடைசிக்குள் மதியத்தில் தண்ணீர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேன் போனால் சமையல்காரிகளுக்கும், சீட்டுக் கிழிப்பவனுக்கும், லைஃப் ஜாக்கெட் துவைப்பவனுக்கும் பிழைப்புப் போகும். அவன் கெட்டவன் இல்லை. மனைவி ரொட்டி எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தவன்தான்.

“உனக்கு அது புள்ளையாத் தெரியுது. எனக்கு என்ன தெரியுது சொல்லு? ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு ஒரு வேன் நிறைய ஆளு நிக்கிறது தெரியுது.”

“உக்காரச் சொல்லு.”

“எங்க உக்காருவாங்க, சேத்துலயா?”

“வீட்டுல தொட்டில் தொங்குதில்ல, படுக்கச் சொல்லு. ஊரே தூங்குற நேரத்துல இவங்களுக்கு மட்டும் என்ன நீச்சல்?”

“காசு குடுத்துத் தூங்க வருவாங்களா நெய்தி?”

ஊர்க் கூட்டம் போட்டார்கள், நாள் குறித்தார்கள். எல்லோரும் பார்க்கச் சேனோட்டே கரையிலேயே அடுப்பு மூட்டி, எல்லோரும் பார்க்க நெய்தி காய்ச்ச வேண்டும் என்று முடிவானது. அவள் மறுக்கவில்லை. அந்த வேன் எத்தனை அடுப்புகளை எரிய வைக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

குறித்த நாளில் வெள்ளைச் சோளத்தைக் கழுவிப் பானையில் போட்டாள். மிர்னா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். தோன் சிரிலோ சுரைக்குடுவைகளை ஒரு மேசைமேல் வரிசையாக வைத்தார். இந்த முறை மூக்கைச் சிந்திவிட்டு வந்திருந்தார். பானை கொதித்தபோது தண்ணீர் கரைவரை ஏறி வந்து எட்டிப் பார்த்தது. வாசனை புதிதாக இருந்ததோ என்னவோ, கொஞ்சம் பின்வாங்கியது. மறுபடி வந்து நெய்தியின் செருப்பு நுனியைத் தொட்டுப் பார்த்தது, அங்கேயே நின்றது. நெய்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு பிடி சுண்ணாம்பைப் பானையில் போட்டுக் கரண்டியால் கலக்கினாள்.

வில்பெர்த் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான்.

“கை தவறிடுச்சாம்மா?” என்று தோன் சிரிலோ கேட்டார்.

“போன தடவதான் தவறுச்சு.”

தோன் சிரிலோ குடுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். மனிதச் சோறு தின்கிற எதையும் இடுப்பில் ஏற்றாமல் விட்டால் அது கால் வளைந்து திரியும், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது என்று முணுமுணுத்தார். எங்கள் பக்கத்தில் குழந்தையை முதன்முதலாக இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கு ஒரு சடங்கு உண்டு. பெண் என்றால் மூன்றாம் மாதம், அடுப்புக்கு மூன்று கல். ஆண் என்றால் நான்காம் மாதம், சோளக் கொல்லைக்கு நான்கு மூலை. தண்ணீர் முதல் கஞ்சியைக் குடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெண்தான் என்று நெய்தி சொன்னாள். எப்படித் தெரியும் என்று தோன் சிரிலோ கேட்டார்.

“எங்க வீட்டுக்காரரு பேசினாத் தூங்குது. நான் பேசினா முழிச்சுக்கிட்டுக் கேக்குது.”

அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பெற்றவள் தூக்கக்கூடாது, ஞானத்தாய் ஒருத்திதான் தூக்க வேண்டும். கூட்டம் தரையைப் பார்த்தது. தூக்குகிறவள் அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை பொறுப்பு, இது சும்மா விஷயம் இல்லை. மிர்னா முக்காலியிலிருந்து எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள்.

“அஞ்சு புள்ள தூக்குன இடுப்பு. குடுங்க.”

ஒரு குடுவை தண்ணீரை மொண்டு அவள் இடுப்பில் வைத்தார்கள். மேசையைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரின் கையில் ஒரு பொருளைக் கொடுத்தாள்: பின்னல் ஊசி, பள்ளிக்கூடப் பென்சில், வில்பெர்த் தன் கழுத்திலிருந்து கழற்றித் தந்த விசில். தண்ணீர் ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டது, விசிலை மட்டும் திருப்பித் தரவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அன்றிலிருந்து மதியத்தில் வாளி காலியாக வருவதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மிர்னா சண்டைக்குப் போனாள். “சின்னப் புள்ள தூங்குது, அதுகூடப் பொறுக்காதா உங்களுக்கு?” என்பாள். துணியைக் காலையிலேயே துவைக்கப் பழகிக்கொண்டாள்.

நெய்தி மெல்லிய நூலில் பெரிய தொட்டில் ஒன்றைப் பின்னிச் சேனோட்டேக்குக் குறுக்கே கட்டினாள். தண்ணீர் சாப்பிட்டதும் பாறைக்கு அடியில் போகாமல் அதில் ஏறிப் படுத்தது. வலையின் கண்கள் வழியாக ஒன்றும் ஒழுகவில்லை. அது தூங்கும்போது வெயில் அதன் ஊடாக இறங்கிக் கீழே சேற்றில் பச்சையாக விழுந்தது. மாதக் கடைசியில் கம்பெனி ஆள் ஒப்பந்தத்தை முறிக்க வந்தார். தண்ணீர் எழும்வரை படுத்திருங்கள் என்று நெய்தி அவரையும் ஒரு தொட்டிலில் படுக்க வைத்தாள். அவர் எழுந்தபோது சாயங்காலமாகிவிட்டது. பல வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தூங்கினேன் என்றார். நீந்திவிட்டு, தொட்டிலையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து பயணத் திட்டத்தில் சாப்பாட்டுக்கும் நீச்சலுக்கும் நடுவே தூக்கம் என்று சேர்ந்தது. காசு கொடுத்துத் தூங்க வந்தார்கள். வில்பெர்த் இதைப் பற்றி மனைவியிடம் எதுவும் பேசாமல் இருக்கும் அளவுக்குப் புத்திசாலி.

இடிபாட்டின் தெற்குச் சுவரில், இடுப்பில் பானை வைத்த ஒரு பெண்ணின் சிற்பம் உண்டு. கப்பம் சுமக்கும் பணிப்பெண் என்று பலகையில் எழுதியிருக்கிறது. வில்பெர்த்தும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு “அம்மாவும் பொண்ணும்” என்று சொல்லிவிட்டு நகரத் தொடங்கினான். விளக்கம் கேட்பவர்களிடம், மதியம் தானாகத் தெரியும் என்பான்.

அடுத்த வருடம் மே பத்தாம் தேதி நல்ல வெயில். மழை இன்னும் தொடங்கவில்லை. நெய்தி வழக்கம்போல இடிபாட்டு வாசலுக்குக் கிளம்ப நினைத்து மூட்டையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராக அழைத்தது. பிள்ளைக்கு ஒரு முறை என்று மிர்னாவின் பெயர் ஐந்து முறை வந்தது. ஆறாவது முறை வராததும் அவள் எழுந்து, ஞானத்தாய்க்கும் கணக்கு உண்டா என்று கேட்டாள். வாத்தியார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சேனோட்டேயிலிருந்து வரும் பாதையில் விசில் சத்தம் கேட்டது.

தண்ணீர் நடந்து வந்தது. ஒற்றையடிப் பாதை அகலத்துக்குத்தான் இருந்தது, முழங்கால் உயரம். ரோட்டிலிருந்த வேகத்தடையில் கொஞ்சம் நின்று ஏறி இறங்கியது. நாய்கள் எழுந்து வழிவிட்டன. பள்ளிக்கூடத்து வாசலில் எட்டிப் பார்த்தது, தேடிய ஆள் அங்கே இல்லையென்று தெரிந்ததும் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு நெய்தியின் வீட்டுக்குத் திரும்பியது. பின்னாலேயே ஊர் வந்தது. வாசலில் வந்து நின்று, கொண்டுவந்ததை வைத்தது. ஒரு அல்லிப்பூ, கூடவே எந்த வருடமோ யாரோ தொலைத்த நீச்சல் கண்ணாடி ஒன்று.

நெய்தி இரண்டையும் எடுத்தாள். முந்தானை இல்லாத ஊர் என்பதால் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் உள்ளே வரலாமா என்று படியிலேயே நின்றது. வழியெல்லாம் செம்மண், அதன் ஓரம் முழுக்கச் சேறு. காலையில்தான் அவள் வீட்டைத் துடைத்திருந்தாள்.

“காலத் தொடச்சிட்டு வா” என்றாள்.

வாசல் கால்மிதியில் சேறு அப்பியிருந்தது. அது உள்ளே வந்த பிறகும் தரை சுத்தமாகத்தான் இருந்தது.