மெட்டே வீட்டு ஞாயிற்றுக்கிழமை முட்டைகள்

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, கடவுளின் ஏவலால் வனாந்தரத்தைக் கால்நடையாகக் கடந்த மாபெரும் யாத்திரைகள் இரண்டே இரண்டுதான்: ஒன்று, மெட்டே கிர்ஸ்டின் கைவண்டி இழுத்துக்கொண்டு சமவெளியைக் கடந்து யூட்டாவுக்கு வந்து சேர்ந்தது; மற்றொன்று, மோசே இஸ்ரவேல் மக்களை அழைத்துக்கொண்டு எகிப்தைவிட்டுப் புறப்பட்டது.

ஆர்விலா எழுதிய குடும்ப வரலாற்றின் முதல் வாக்கியம் இது. கையெழுத்துப் பிரதியைப் படித்த பிஷப் லமாண்ட், "சகோதரி, மோசேயை முன்னாடி போட்டுடலாமே. வயசுல மூத்தவர்," என்றார். ஆர்விலா இரண்டு நாள் யோசித்துவிட்டு முடியாது என்றாள். மோசே கைவண்டி இழுத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

அது 1947. முதல் முன்னோடிகள் வந்திறங்கி நூறு ஆண்டு. தங்களைப் 'புனிதர்கள்' என்றே சொல்லிக்கொள்ளும் மார்மன் சபையார் மட்டுமே குடியிருந்த அந்தச் சிற்றூரில் குடும்ப வரலாறு எழுதாத வீடு இரண்டோ மூன்றோதான். அவற்றிலும் ஒன்றில் பேனா தொலைந்துபோயிருந்தது. ஆனால் இருநூறு பிரதி அச்சடித்து, நீலத் துணியில் கட்டுப்போட்டு, மேலே பொன்னெழுத்தும் பதித்தவள் ஆர்விலா ஒருத்திதான். மெட்டே அவளுடைய கொள்ளுப்பாட்டி. மெட்டே கட்டிய வீட்டில்தான் ஆர்விலா குடியிருந்தாள். மெட்டே நட்ட மஞ்சள் ரோஜாப் புதர் வேலியோரம் ஓர் அறை அளவுக்கு மண்டிக் கிடந்தது. வந்தவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி ஆர்விலா ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கச் செய்வாள்.

புத்தகத்தின் சிகரம் ஏழாம் அத்தியாயம். அந்தக் காலத்தில் சபையின் மாதர் சங்கத்துக்கு ஒரு மண்டபம் தேவைப்பட்டது. கையில் காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோழி இடுகிற முட்டையெல்லாம் கர்த்தருக்கு என்று பெண்கள் முடிவெடுத்தார்கள். பதினோரு வருடத்து ஞாயிறுகளின் முட்டையிலிருந்து ஒரு கல் மண்டபம் எழுந்தது. அதில் மெட்டேயின் பங்குதான் பெரிது. மற்றவர்கள் கிண்ணத்தில் கொண்டுவந்தபோது அவள் கூடையில் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக் கோழிகள் வாரநாளில் சாதாரணமாகவும் ஞாயிற்றுக்கிழமை இரு மடங்காகவும் இட்டன என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. மண்டபச் சுவரில் பதிக்க வெண்கலப் பலகையும் தயாராகிவிட்டது: 'மெட்டே கிர்ஸ்டின். இவருடைய கோழிகள் ஓய்வுநாளிலும் ஓய்ந்ததில்லை.'

பக்கத்து வீட்டு தெல்டாவுக்கும் ஒரு கொள்ளுப்பாட்டி உண்டு. பெயர் ஆனே. மெட்டேவுக்கு அடுத்த வீட்டுக்காரி. பலகை வார்ப்புக்குப் போவதற்கு முன் தெல்டா வேலிப்பக்கம் வந்து கேட்டாள்.

"ஏ ஆர்விலா, ஆனே பேரையும் ஒரு ஓரத்துல போடேன். அவளும்தானே முட்டை குடுத்தா?"

"ஆதாரம் இருக்கா?"

"ஆதாரமா? நாலு வீட்டுல கேட்டுப் பாரு."

"வரலாறுன்னா எழுத்துல இருக்கணும், தெல்டா. எங்க மெட்டே நோட்டுப் புத்தகமே எழுதி வச்சிருக்கா."

"நீ அதைப் படிச்சியா?"

"அது டேனிஷ்ல இருக்கு," என்றாள் ஆர்விலா, அதுவே ஒரு தகுதி என்பதுபோல. அதோடு விட்டாளா? ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'அக்கம்பக்கத்துச் சில வீடுகளின் கோழிகளுக்கு இத்தகைய பக்தி வாய்க்கவில்லை.' பெயர் குறிப்பிடவில்லை. அக்கம் என்று இருந்தது ஒரே வீடு; மறுபக்கம் வாய்க்கால்.

நூறாண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிஷப் வந்தார். மற்ற ஆறு நாளும் அவர் கோழித் தீவனக் கடைக்காரர்.

"சகோதரி, அந்த நோட்டுலேர்ந்து ஒரு பக்கம் மேடையில வாசிச்சா நல்லா இருக்கும். டேனிஷ் தெரிஞ்ச நம்ம நீல்ஸ் பெர்டெல்சன்கிட்ட குடுத்து அர்த்தம் கேட்டுக்குங்க. அப்புறம் உங்க பஞ்சு கேக்கை மறந்துடாதீங்க. அது சரி, கேக்குக்கு முட்டை எங்க வாங்குறீங்க? எங்கிட்ட தீவனம் வாங்கி மூணு வருஷமாச்சே?"

"கர்த்தர் குடுக்கிறார்," என்றாள் ஆர்விலா. பிஷப் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

நீல்ஸ் பெர்டெல்சனுக்கு எண்பத்து நாலு வயது. குதிரைச் சேணம் தைத்தவர். இப்போது குதிரையும் இல்லை, தைப்பும் இல்லை. ஆர்விலா உள்ளே நுழைந்தபோது அடுப்பில் கெட்டில் கொதித்தது. சபையில் விலக்கிய காப்பி வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது.

"இது பார்லித் தண்ணி," என்றார் நீல்ஸ்.

"வாசனை பலமா இருக்கே, சகோதரரே."

"பார்லி கருகிப்போச்சு. கையில என்னம்மா இத்தனை கீறல்?"

"ரோஜா முள்ளு," என்று ஆர்விலா கையை இழுத்துக்கொண்டாள். கேக் டப்பாவிலிருந்து நோட்டை எடுத்து, துணியைப் பிரித்து, வேதாகமத்தைத் தருவதுபோல இரு கையாலும் கொடுத்தாள்.

நீல்ஸ் பூதக்கண்ணாடியை வைத்து முதல் பக்கத்தை மெல்ல வாசித்தார்.

"பல்லு வலி. மழை இல்ல. பல்லு வலி. பன்னி செத்துப்போச்சு. பல்லு வலி."

"பிரார்த்தனை எதுவும் இல்லையா?"

"இருக்கே. 'கர்த்தாவே, இந்தப் பல்லை எடுத்துக்கொள்ளும்.'"

"ஞாயித்துக்கிழமை முட்டை பத்தி பாருங்க."

பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். அடுத்த பக்கமும் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஆர்விலாவைப் பார்த்தார், மறுபடி எடுத்துக்கொண்டார்.

"'ஞாயிறு. கர்த்தருடைய நாளில் வேலை செய்யலாகாது. ஆகவே கூண்டைத் திறந்து முட்டை எடுக்கவில்லை. திங்களன்று எடுத்தேன். திங்களன்று எடுத்தது திங்கட்கிழமை முட்டை.'"

ஆர்விலாவுக்குக் காது சுட்டது. "அப்போ கூடை கூடையாக் குடுத்தது?"

"அதுவும் இருக்கு. 'ஆனேயின் வரிக்கோழிகள் வேலி நுழைந்து என் ரோஜாப் புதருக்கடியில் பதினாறு இட்டிருக்கின்றன. எடுத்துக்கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்தேன். சகோதரிகள் கண்ணீர்விட்டார்கள்.' அடுத்த ஞாயிறும் அதான். அதுக்கடுத்ததும் அதான்." நீல்ஸ் தாடையைச் சொறிந்தார். "கூண்டைத் திறக்கிறதுதான் வேலை போலிருக்கு. புதருக்கடியில குனியறது வேலையில கணக்கில்ல."

ஆர்விலாவால் சிரிக்க முடியவில்லை. ஆதாரம் இருக்கா என்று வேலிக்கு மேல் கேட்ட தன் குரல் அவளுக்கே திரும்பக் கேட்டது. அச்சடித்த இருநூறு பிரதியில் நூற்றெண்பது ஏற்கெனவே ஊருக்குள் போய்விட்டது. ஒன்று தெல்டா வீட்டு முன்னறை மேசையில் இருந்தது. அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

"அந்தப் புதர் இன்னும் இருக்கா?" என்று கேட்டார் நீல்ஸ்.

"இருக்கு."

"வேலி?"

"சரிபண்றேன்னு என் வீட்டுக்காரர் சொல்லி பதினோரு வருஷம் ஆச்சு."

"உங்கிட்ட கோழி இருக்கா?"

"மூணு. கிழடு. இடுறதில்ல." எழுந்துகொண்டாள். "சகோதரரே, இதை யார்கிட்டயும்..."

"எனக்கு எண்பத்தி நாலு வயசு, ஆர்விலா. நீ வந்ததே சாயங்காலம் மறந்துடும். உனக்கும் பார்லித் தண்ணி மறந்துடுமில்ல?"

அந்த வாரம் ஆர்விலா தெல்டாவின் கண்ணில் படாமல் வாழ முயன்றாள். துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போகாமல் சமையலறையில் கயிறு கட்டினாள். அவள் வீட்டுக்காரர் ஆர்லோ ஈரச் சட்டையில் முகம் முட்டி, "இதென்ன, வீட்டுக்குள்ள மழைக்காலமா?" என்றார். பலகையை நிறுத்த முடியுமா என்று வார்ப்புக்காரருக்குத் தொலைபேசினாள். அது வந்து, மண்டபச் சுவரில் ஏறி, திரைபோட்டு மூடியாகிவிட்டது. மூன்றாம் நாள் தெல்டாவே வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"ஏன்டி, உடம்பு சரியில்லையா? விழா வேலையில ஓடாத. பந்தலுக்கு நாற்காலி நான் பாத்துக்கறேன். ரோஜா நல்லாப் பூத்திருக்கு."

ஆர்விலா ரோஜாவைப் பார்க்கவில்லை. "ம்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நாற்காலி அவளைக் கொன்றது. பிஷப் சொன்னபடி மேடையில் வாசிக்க வேண்டும். பல்வலிப் பக்கத்தை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஆனே அந்தச் சுவருக்கு வெளியிலேயே நிற்பாள், பக்தி வாய்க்காத கோழிகளோடு, இன்னும் நூறு வருடம்.

ஜூலை இருபத்து நாலு. ஊர்வலம் முடிந்தது. கைவண்டி இழுத்துவந்த வங்கி மேலாளர் மூச்சிரைத்து நிழலில் படுத்திருந்தார். ஆர்விலா நீளப் பாவாடையும் முன்னோடிக் குல்லாயும் அணிந்து மேடையேறினாள். திரையை விலக்கினார்கள், கைதட்டினார்கள். நோட்டைப் பிரித்தாள்; நீல்ஸ் சொன்ன அர்த்தம் மனப்பாடம். முதல் வரிசையில் நீல்ஸ். இரண்டாவதில் தெல்டா, மடியில் நீல நிறப் புத்தகம்.

"பல்லு வலி," என்று தொடங்கினாள் ஆர்விலா. கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. அவள் நிறுத்தினாள். தெல்டாவின் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பலகையில இருக்கிறது பொய். மெட்டே கோழிங்க ஞாயித்துக்கிழமை இட்ட முட்டை ஒண்ணுகூட இங்க வரல. வந்ததெல்லாம் ஆனே கோழிங்களோடது. எங்க பக்கத்து ரோஜாப் புதர்ல இட்டது. மெட்டேயே எழுதி வச்சிருக்கா. தெல்டா கேட்டப்போ நான் ஆதாரம் கேட்டேன். ஆதாரம் எங்க வீட்டு கேக் டப்பாவுலதான் இருந்தது. நான் எழுதினதுக்காக வெக்கப்படறேன்."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் விம்மினாள். பிஷப் எழுந்து இரண்டு கையையும் விரித்தார்.

"இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்! இதுதான் அசல் முன்னோடி ரத்தம்! ஆனே பேரையும் பலகையில சேர்க்கிறோம்!"

கைதட்டல் மெட்டேவுக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருந்தது. ஆர்விலாவின் முகம் குல்லாய்க்குள் எரிந்தது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிட வாயெடுத்தாள். அவள் முடித்துவிட்டாள் என்று நினைத்து பேண்டுக்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள். கையுயர்த்தி நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

கீழே இறங்கியதும் தெல்டா கட்டிக்கொண்டாள். "அடி பைத்தியமே, எங்க வீட்டுல இது தெரிஞ்ச கதைதான். ஆனேவே சொல்லிச் சிரிப்பாளாம். 'என் கோழி பரலோகம் போறதுக்கு மெட்டே வீட்டு வழியாத்தான் போகுது'ன்னு."

"அப்போ ஏன் நீ சொல்லல?"

"நீ எழுத்துல கேட்டியே." தெல்டா சிரித்தாள். "அழாதடி. இவ்வளவு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டியே, யாரு செய்வா? போதும், அந்தக் கேக்கைக் குடு."

நூறாண்டு விழாவுக்கென்று ஆர்விலா இரட்டைக் கேக் செய்திருந்தாள். தெல்டாவுக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். தெல்டா ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள்.

"எத்தனை முட்டைடி போட்ட?"

"இருபத்தி நாலு."

"குடுத்து வச்சவ. என் கோழிங்க இந்த வருஷம் சரியாவே இடல. தீவனம் மட்டும் மூட்டை மூட்டையா திங்குதுங்க. பிஷப்கிட்ட கேட்டா, வயசாயிடுச்சுங்கறார்."

"இருக்கும்," என்றாள் ஆர்விலா. இன்னொரு துண்டு வெட்டி தெல்டாவின் தட்டில் வைத்தாள்.

இருபத்து நான்கு முட்டையும் அவள் ரோஜாப் புதருக்கடியில் எடுத்தது.