கழிவறைப் பூட்டு

அவள் வரலாறு இறுதியாண்டு மாணவி. ஊருக்கு வெளியே இருந்த தோல் ஆலையில் முப்பது வருடங்களுக்கு முன்பு பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம்தான் அவளுடைய ஆய்வுக் கட்டுரை. நூலகத்தைக் குடைந்து தேடியும் கிடைத்தது பழைய செய்தித்தாளில் ஒரே ஒரு பத்தி: ‘சுகாதாரக் குறைபாடு காரணமாகப் பெண் தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லவில்லை.’ அதை வைத்து ஒரு பக்கம்கூட ஒப்பேற்ற முடியாது. திங்கட்கிழமை வகுப்பிலோ வரைவுகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும்.

“உங்க மாமா அங்கதானே சூப்பர்வைசரா இருந்தாரு? அவரைக் கேளேன்,” என்றாள் அம்மா.

அம்மாவின் அண்ணன் அவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சுகாதாரமாவது மண்ணாங்கட்டியாவது! பொம்பளைங்க கக்கூஸுக்கு நான் பூட்டுப் போட்டேன். அவ்வளவுதான் விஷயம்.”

“ஏன் மாமா?”

“உள்ள போனா ஊர்க்கதை பேசிட்டு வெளிய வரவே மாட்டாளுங்க. மதியம் ஒரு தரம் திறப்பேன். அப்புறம் சாயந்திரம்தான்.”

“நடுவுல அவசரம்னா?”

“தோல் கழுவுற வாளி எதுக்கு இருக்கு?” மாமா எலும்பை உறிஞ்சிக்கொண்டே கண்ணடித்தார். “மூலையில ஒருத்தி சேலையைப் பிடிச்சு மறைப்பா, இன்னொருத்தி உக்காருவா. நான் வேணும்னே அந்தப் பக்கமா நடந்து போவேன். அப்ப அவளுங்க மூஞ்சியைப் பாக்கணுமே! புள்ளத்தாச்சி ஒருத்தி, சாவி கேட்டு என் கால்ல விழாத குறை.”

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எச்சில் தெறித்து அவள் எழுதிக்கொண்டிருந்த தாளில் விழுந்தது. அத்தை குழம்புக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிச் சுமந்த மனிதர். அந்த அருவருப்போடு உட்கார்ந்து ஒரே மூச்சில் வரைவை எழுதி முடித்தாள். ‘அருவருப்பான’, ‘கேவலமான’, ‘மனிதத்தன்மையற்ற’ என்று வாயில் வந்த வசவெல்லாம் அதில் இருந்தது.

வகுப்பில் அவளுடைய வரைவு ஊசியின் கைக்குப் போனது. பார்த்த இடமெல்லாம் குறை சொல்லிக் குத்துகிற பையன் என்பதால் அந்தப் பெயர். பக்கத்து பெஞ்சில் ஒருத்தி தலைப்பை எட்டிப் பார்த்து, “ஐயே, கக்கூஸ் ஆராய்ச்சியா?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வந்த தாள்களில் ‘அருவருப்பான’ என்ற இடமெல்லாம் சிவப்பாக அடிக்கோடு. கடைசிப் பக்கத்தில் ஊசி எழுதியிருந்தான்: ‘இது உன்னுடைய அருவருப்பு. அந்தப் பெண்களுடையது எங்கே? மாமா சொன்னதை அப்படியே வாங்கி எழுதியிருக்கிறாய். பூட்டு எப்படித் திறந்தது என்று அவர் சொல்லவே இல்லையே?’

“உனக்கு இதைப் படிச்சு ஒண்ணுமே தோணலையா?” என்று அவனிடம் சீறினாள்.

“தோணுச்சு. மத்தியானம் சோறு இறங்கல. ஆனா கட்டுரையில ஓட்டை இருக்கே.”

அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்று மாலையே மறுபடி மாமா வீட்டு வாசலில் நின்றாள்.

“பூட்டா? மேனேஜர் பாவம் பாத்துத் திறக்கச் சொன்னாரு,” என்றார் மாமா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாவமா பாத்தாரு?” அத்தை ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். “அன்னிக்கு அந்தப் பொம்பளைங்க வாளி ஒண்ணையும் வெளிய கொட்டாம சேத்து வச்சிருக்காங்க. சாயந்திரம் எல்லாரும் சேந்து தூக்கிட்டு வந்து இவரு ரூமுல கொட்டிட்டாங்க. மேஜை மேல, நாற்காலி மேல. இவரு உள்ளதான் இருந்தாரு.”

“வாயை மூடுடி!”

“கொட்டிட்டு நேரா வீட்டுக்குப் போனவங்கதான், பூட்டை எடுக்கிற வரைக்கும் வேலைக்கு வரல. இவரு அதே கோலத்துல வாசல்ல வந்து நின்னாரு. அந்தச் சட்டையைத் துவைச்சது யாரு? ஏன் இப்படி ஆச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனை சோப்புப் போட்டும் கையில நாத்தம் போகல. ஆனா எனக்குக் குமட்டினது அவங்களை நினைச்சு இல்ல.”

மாமா ரிமோட்டைச் சுவரில் விட்டெறிந்தார். அத்தை அசையவில்லை. “எழுதிக்கோ. துவைச்சவ சொன்னான்னே எழுதிக்கோ,” என்றாள்.

வீடு திரும்பியதும் வரைவிலிருந்த வசவுகளை எல்லாம் அவள் அடித்துவிட்டாள். மாமா சொன்னதையும் அத்தை சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ‘மலம்’ என்பதை ‘கழிவு’ என்று மாற்றினால் நாகரிகமாக இருக்கும் என்றார் பேராசிரியர். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊசி இரண்டாவது வரைவைப் படித்துவிட்டு, “இப்ப அவங்க கண்ணுக்குத் தெரியிறாங்க. ஆனா அவங்கள்ல ஒருத்தரையாவது தேடிப் பிடி,” என்றான். அதற்கும் எரிச்சல் வந்தது. ஆனாலும் தேட ஆரம்பித்தாள்.

மாமா போன் செய்து அம்மாவிடம் கத்தினார். “ஒரு கட்டுரைக்காக என் பொறந்த வீட்டு உறவை அறுக்கணுமா? போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா,” என்று அம்மா அழுதாள். அவள் வரைவை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

“இவனுக்குப் போயி உங்க அத்தையைப் பாத்துக் கட்டி வச்சோமே,” என்றாள்.