வலப்பக்கத்துப் பெரிய பட்டன்

நாலு திருகாணிகளையும் கழற்றி முதுகு மூடியைத் தூக்கியதுமே, இதை ஏற்கெனவே எவனோ ஒரு மேதாவி நோண்டியிருக்கிறான் என்று அரங்கநாதனுக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் அவனுக்கு ஆகாத ஆட்கள் இரண்டே வகை. சார்ஜர் ஒயரைப் பல்லால் கடித்து முறுக்குகிறவர்கள் முதல் வகை. வீட்டிலேயே எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, கடையில் வந்து "நான் தொடவே இல்லைங்க" என்று சாதிக்கிறவர்கள் இரண்டாவது. இந்தப் பொருளைக் கொண்டுவந்த செல்லியம்மாளை அவன் சத்தமில்லாமல் இரண்டாவது வகையில் சேர்த்தான்.

பொருள் ஒரு பழைய வீடியோ கேம். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மேலே சின்னத் திரை, அதில் செங்கல் மாதிரி கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும், திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். நிறையாமல் கட்டை மேலே முட்டினால் ஆட்டம் முடிந்தது. இடப்பக்கம் நாலு சின்னப் பட்டன்கள் கட்டையை நகர்த்த, வலப்பக்கம் ஒரே ஒரு பெரிய மஞ்சள் பட்டன் திருப்ப. செல்லியம்மாள் காலை பஸ்ஸில் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவன் செல்போன் ரிப்பேர் கடையைத் தேடிப் பிடித்து, துணிப்பையிலிருந்து அதை எடுத்து வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தைத்துக் கொடுக்கவேண்டிய ரவிக்கைத் துணிகள் அதே பையில் இருந்தன.

"ஸ்க்ரீன்ல கோடு கோடா வுழுது தம்பி. அத்த மட்டும் பாத்துக் குடு. மத்ததுல கை வெக்காத."

அரங்கநாதன் தலையாட்டினான். எல்லோருக்கும் அப்படித்தான் ஆட்டுவான்.

அவள் கடைத்தெருவுக்குப் போனதும் வேலையில் இறங்கினான். செல்போன்களை வரிசையில் காக்கவைத்துவிட்டு இந்தப் பொம்மையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தான் என்பதை அவன் மனைவி ஜெயசுதாவிடம் சொல்லவே இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இருபத்தைந்து வருஷத்துப் பொருள், உள்ளே பெரிய பழுது கிடையாது. பாட்டரி கசிந்து பச்சை பூத்த தகட்டைச் சுரண்டி, புது ஒயர் வைத்துப் பற்றவைத்தான். திரைக்குப் போகும் மெல்லிய பட்டை ஓரத்தில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அதனால்தான் கோடு. வெந்நீர்ச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் காற்றைக் காட்டி, பள்ளிக்கூட அழிரப்பரால் அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தன் கையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் வினை வந்தது. மூடப் போகும்போது மஞ்சள் பட்டனுக்கு அடியில் ஒரு வளையம் தென்பட்டது. ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய வளையம். அழுத்தினால் பட்டன் கல் மாதிரி இருந்தது. மேதாவியின் வேலை! அதை நெம்பி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். பிறகு அழுத்திப் பார்த்தால் வெண்ணெய். ஒரு ஆட்டம் ஆடியும் பார்த்தான். மூன்று மணிக்கு வந்த செல்லியம்மாள் திரையைப் பார்த்து, கோடு இல்லாததைப் பார்த்து, முகம் மலர்ந்து, பட்டனைத் தொடாமலேயே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அவன் கடை திறக்க வந்தபோது, அவள் ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, மறுபடியும் கோடா?"

"கோடு இல்ல. நீ நல்லா செஞ்சிட்ட தம்பி. அதான் வந்த வென." பையிலிருந்து கேமை எடுத்தபடி அவள் எழுந்தாள். "மஞ்சப் பட்டன் அடியில ஒண்ணு வெச்சிருந்தேனே, அது எங்க?"

ஷட்டரைத் தூக்கிக்கொண்டே அவன் கதையைக் கேட்டான். கேட்கக் கேட்க கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் கணவர் ராஜாங்கம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக் கீழே இறக்குவது தொழில். போன வருஷம் வாதம் அடித்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், முதலில் பஞ்சுப் பந்து, பிறகு ரப்பர் பந்து, பிறகு இன்னும் கெட்டியான பந்து என்று படிப்படியாக அமுக்கச் சொன்னாள். "பந்து வெச்சி வெளையாட நான் இன்னா கொழந்தையா?" என்று ராஜாங்கம் பந்தை மக்காச்சோளக் கொல்லையில் வீசிவிட்டார். வீசியது இடது கையால். ஆனால் லாரி கிளீனராக இருந்த காலத்தில் வாங்கிய வீடியோ கேமை மட்டும் குழந்தை விளையாட்டு என்று அவர் நினைக்கவில்லை. நாளெல்லாம் அதோடுதான் கிடந்தார். செல்போனில் இதே ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தும் பார்த்தார்கள். காய்ப்பேறிய அந்த விரலைத் தொடுதிரை சட்டையே செய்யவில்லை.

"அப்பதான் எனக்குத் தோணுச்சி. பந்துக்கு பதுலா பட்டன கெட்டியாக்கினா இன்னான்னு. தையல் மிஷினயே பிரிச்சி எண்ணெ வுடறவ, இத பிரிக்க மாட்டேனா?"

முதலில் பஞ்சு மெத்தைத் துண்டில் ஒரு வளையம். பிறகு தேய்ந்த செருப்பு. பிறகு தேயாத செருப்பு. பாட்டரி மாற்றும் நாளில் மட்டும் வளையத்தையும் மாற்றுவாள். புது பாட்டரி போட்டால் பட்டன் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் என்று ராஜாங்கம் தானாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவள் அதை மறுக்கவில்லை. பதினான்கு மாதத்தில் பதிமூன்று வளையம். அரங்கநாதன் தூக்கிப் போட்டது பதிமூன்றாவது.

"நீ குடுத்தனுப்பின அன்னிக்கி பட்டன் பொசுக்குன்னு உள்ள போவுது. 'செல்லி, கை வந்துடுச்சி'ன்னு எகிறிக் குதிக்கிறாரு. வண்டியக் கழுவி, பொட்டு வெச்சி நிறுத்திகீறாரு. திங்கக்கெழம லோடு எடுக்கறாராம். என் தம்பி அஜித் ஓட்டிக்கினு இருக்கான், அவன வேணான்னுட்டாரு. மூட்ட மேல நாங்க ஆறு பொம்பளைங்க குந்திக்கினு வருவோம் தம்பி. டம்ளரே இன்னும் அந்தக் கையில நிக்கல. கேட்டா டீ சூடுன்றாரு."

"உண்மைய சொல்லிடலாமேக்கா."

"சொன்னா கேக்கற ஆளா இருந்தா நான் இன்னாத்துக்கு செருப்ப அறுக்கறேன்?"

அரங்கநாதன் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தான். நகராட்சி வண்டி எப்போதோ அள்ளிப் போயிருந்தது. அவனுக்கு முகத்தைக் காட்டவே கூச்சமாக இருந்தது. ஒருத்தி பதினான்கு மாதம் உட்கார்ந்து செய்ததை, ஒரு நிமிஷத்தில், அதுவும் பெருமையாக, நெம்பி எறிந்திருக்கிறான்.

செல்லியம்மாள் அவனைத் திட்டவில்லை. அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் செருப்பு எப்ப வாங்கின?" என்று கேட்டாள். போன மாசம் என்றான். கழற்றச் சொல்லி, குதிகால் பக்கம் கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தாள். தன் செருப்பையும் ஊன்றிப் பார்த்துவிட்டு, அவனுடையதையே எடுத்துக்கொண்டாள். 

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கடையில் மெக்கானிக் அவள்தான். மருந்து பாட்டில் மூடியை வைத்து வட்டம் கீறி, பிளேடைத் தூக்காமல் ஒரே சுற்றில் அறுத்தாள். நடுவில் பேனா மூடியைத் திருகித் துளை போட்டாள். அளக்கும் கருவியை அரங்கநாதன் நீட்டினான். அவள் அது என்னவென்றுகூடக் கேட்கவில்லை. வளையத்தை வைத்து, மூடி, அழுத்தி, தலையை ஆட்டி, திரும்பத் திறந்து, காகித கனத்துக்குச் சீவினாள். மறுபடி மூடி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவினாள். மூன்றாம் தடவை அழுத்தியபோது கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அழுத்துவது தன் விரலால் அல்ல, அந்த மனிதருடைய விரலால் என்று அரங்கநாதனுக்குத் தோன்றியது. அவர் விரலில் இன்றைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எவ்ளோ கெட்டின்னு எப்டிக்கா கணக்கு?"

"ரெண்டு நாளு திட்டணும். மூணாம் நாளு ஜெயிக்கணும். அதுக்கும் ஜாஸ்தியா இருந்தா தூக்கிப் போட்டுடுவாரு. கம்மியா இருந்தா கைக்கு வேல இல்ல."

பதினாலு வருஷமாக அவன் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் எத்தனையோ நுணுக்கமான வேலைகளைப் பார்த்திருக்கிறான். சென்னையில் போய்ப் படித்தும் வந்திருக்கிறான். கெட்டதைப் பழையபடி ஆக்குவதுதான் அவன் கற்றது எல்லாம். ஒரு பொருளை ஒரே ஒரு மனிதனுடைய ஒரே ஒரு விரலுக்காக மாதாமாதம் புதிதாக்கிக்கொண்டே போகலாம் என்பது அவன் மண்டைக்கு எட்டியதே இல்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது. செய்தால் அவள் சிரிப்பாள் என்று, டீ வாங்கிவந்து கொடுத்தான்.

டீயைக் குடித்துவிட்டு அவள் சொன்னாள். "நான் எடுத்துக்கினு போயி குடுத்தா, மெக்கானிக்கு கெடுத்துட்டான்னு தூக்கி வெச்சிடுவாரு. வண்டியத்தான் எடுப்பாரு. நாளைக்கி நீயே கொண்டாந்து குடு. பட்டன் நல்லாத்தான் கீதுன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையில் பைக் ஏறியது. இந்தப் பாதையில் அவன் அருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறான், பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். இன்றைக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி வருகிற வண்டிகளின் ஸ்டியரிங்கைத்தான் பார்த்தான். ஓட்டுநர்கள் இடது கையால் கியரை மாற்றும்போதெல்லாம் முழு வண்டியையும் வலது கை மட்டுமே பிடித்திருந்தது. மூட்டைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

ராஜாங்கம் வண்டிக்கு முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சாவி. ஆள் நல்ல உயரம், சிரித்த முகம். "வாப்பா, நீதான் அந்த டாக்டரா? என் கைய சரி பண்ணிட்டியே" என்று அவனைத் தோளில் தட்டினார். அது இடது கை. செல்லியம்மாள் வாசலில் நின்றாள். நேற்றுப் பேசிவைத்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"திரும்பக் கோடு வரும்னு ஒரு சந்தேகம். அதான் அக்காவ எடுத்தாரச் சொன்னேன். இப்ப ஆடிப் பாருங்க" என்று கேமை நீட்டினான்.

அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினார். அரங்கநாதன் எதிரே குந்தி உட்கார்ந்தான். முதல் கட்டை இறங்கியது. மஞ்சள் பட்டனில் வலது கட்டைவிரலை வைத்தார். கட்டை திரும்பாமல் அப்படியே வந்து உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. கடகடவென்று அடுக்கு உயர்ந்து ஆட்டம் முடிந்துபோனது.

"இன்னாபா இது. போன வாரம் வெண்ணெயாட்டம் இருந்துச்சி. கெடுத்துட்டியா?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தும் இருந்தான். இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும் அது பொய்யாகப் பட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை.

"போன வாரம்தாங்க கெடுத்துட்டேன். இப்பதான் சரியா கீது."

 ராஜாங்கம் கேமைத் தலைகீழாகத் திருப்பினார். மஞ்சள் பட்டன் இடது பக்கம் வந்தது. இடது கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்று ஒலித்தது. நேராகத் திருப்பி வலது விரலால் அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி தலைகீழ். டிக். மறுபடி நேர். இப்படி நாலைந்து முறை.  வலது கையைத் தூக்கி, யாரோ வேறொருவருடைய கையைப் போல, முன்னும் பின்னும் பார்த்தார். அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாவியை எடுத்தது இடது கை. வாசல் பக்கம் நீட்டினார்.

"நாளைக்கி அஜித்த வரச்சொல்லு."

செல்லியம்மாள் வந்து வாங்கிக்கொண்டு வாசலுக்கே திரும்பிப்போனாள்.

அவர் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினார். நீளக் கட்டை ஒன்று படுத்தவாக்கில் இறங்கியது. ஓரத்தில் ஒரு சந்து காலியாக இருந்தது. நிமிர்த்தி விட்டால் பொருந்தும். வலது கட்டைவிரல் பட்டனை ஊன்றியது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது, கட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. தன் கட்டைவிரல் தன் முழங்காலையே அழுத்திக்கொண்டிருப்பதை அரங்கநாதன் அப்போதுதான் கவனித்தான். எடுக்கலாம் என்று நிமிர்ந்தான். வாசலில் செல்லியம்மாள் வேறு எங்கோ பார்த்தபடி நின்றாள். நிலைக்கட்டையில் ஊன்றியிருந்த அவள் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது.